மூன்றாவது கூர்

அப்பா காலையில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போவதைப் பார்த்தால், தெருவுக்குப் புதிதாக வந்தவர்கள் அம்மாவிடம் தணிந்த குரலில் கேட்பார்கள், யார் தவறிவிட்டார்கள் என்று.

"யாரும் தவறல. கோலைப் படம் எடுக்கப் போறாரு," என்பாள் அம்மா. கேட்டவர்களுக்குக் குழப்பம் கூடுமே தவிரக் குறையாது.

பில்லியர்ட்ஸ் கோலைப் படம் எடுப்பது கல்யாணப் பெண்ணைப் படம் எடுப்பதைவிடக் கஷ்டம் என்று அப்பா சொல்வார். பெண்ணிடம் கொஞ்சம் திரும்பச் சொல்லலாம். கோலின் மேல் பூசியிருக்கும் வார்னிஷ் கண்ணாடி மாதிரி. எதிரில் நிற்பவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தால் அது கோலின் நீளத்துக்கும் ஒரு வெள்ளைக் கோடாக ஓடும். வெயில் நேராக விழுந்தால் மரத்தின் வரி தெரியாது. ஃபிளாஷ் போட்டால் எல்லாம் கெட்டது. அதனால் மாமரத்தின் கீழே வெள்ளைக் கொசுவலையைக் கூடாரம் போலக் கட்டி, உள்ளே கருநீலத் துணி விரித்து, இரண்டு சின்னக் கட்டைகளின் மேல் கோலைக் கிடத்துவார். வெயில் கொசுவலையில் வடிந்து பால் மாதிரி இறங்கும். முழங்காலிட்டு, கோலைக் கால்வட்டம் கால்வட்டமாக உருட்டி, ஒவ்வொரு பக்கத்தையும் எடுப்பார். பக்கத்தில் நின்று யாராவது பேசினால் பதில் வராது.

அப்பாவின் பெயர் டெல்ஃபின் கன்லாஸ். பிலிப்பைன்ஸில் பெத்திஸ் என்கிற எங்கள் ஊரில் மாதா கோயிலுக்கு எதிரே ஸ்டூடியோ வைத்திருக்கிறார். ஊரில் பாதிப் பேர் உளி பிடிப்பவர்கள். சொரூபம், கட்டில், கதவு என்று ஏதாவது செதுக்கிக்கொண்டிருப்பார்கள். மீதிப் பாதிப் பேரின் முகங்கள் அப்பாவிடம் இருக்கின்றன. ஞானஸ்நானம், பட்டமளிப்பு, கல்யாணம், கடைசியில் சவப்பெட்டி மேல் வைக்கிற படம்.

அப்பாவுக்கு ஊரில் நல்ல பேர் வந்ததே டச்சப்பினால்தான். பட்டமளிப்புப் படத்தில் எந்தப் பிள்ளைக்கும் பரு இருக்காது. கோணல் உதடு நேராகியிருக்கும். கண் மூடியிருந்தால் வேறு படத்திலிருந்து கண்ணை எடுத்து வைத்துவிடுவார். யாரும் கேட்கமாட்டார்கள், அவரும் சொல்லமாட்டார். சொல்லாமல் செய்வதுதான் அங்கே மரியாதை. "என்னைப் பாரு, எவ்வளவு லட்சணமா இருந்திருக்கேன்," என்று கிழவர்கள் தங்கள் படத்தைக் காட்டிப் பேரப்பிள்ளைகளிடம் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன்.

எல்லோர் கையிலும் போன் வந்த பிறகு ஸ்டூடியோவுக்கு ஆள் குறைந்தது. அந்தச் சமயத்தில்தான் மாமா கோல்களை எடுத்துக்கொண்டு வந்தார்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன், ரொசாவ்ரோ யூமுல். கட்டில் கால் கடைந்துகொண்டிருந்தவர், பில்லியர்ட்ஸ் பைத்தியத்தில் கோல் கடைய ஆரம்பித்தார். எங்கள் ஊரில் பெட்டிக்கடை இல்லாத தெரு இருக்கலாம், பில்லியர்ட்ஸ் மேசை இல்லாத தெரு கிடையாது. ஆனால் மாமாவின் கோல்கள் உள்ளூர் மேசைக்குப் போகவில்லை. அமெரிக்காவிலும் தைவானிலும் ஜப்பானிலும் கோல் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு உண்டு. அங்கே படத்தைப் போட்டால் பார்த்துப் பேசுவார்கள், பிடித்தால் வாங்குவார்கள். கையில் எடுத்துப் பார்க்க வழியில்லை. படம்தான் எல்லாம்.

படங்களுக்குக் கீழே ஆங்கிலத்தில் நாலு வரி எழுதுவது என் வேலை. பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன் என்பதால் மாமா என்னை டீச்சரம்மா என்றே கூப்பிடுவார். பேச்சு மாமாவுடையது, எழுத்து என்னுடையது.

"எழுதிக்கோ டீச்சரம்மா. பழைய வீட்டுத் தூண்ல எடுத்த கருங்காலி. கையால வெட்டினது. மெஷினுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"சம்பந்தம் இல்லன்னு எப்படி மாமா எழுதறது?"

"அப்ப மெஷின் வாசனை படாததுன்னு போடு."

மாமாவின் கோலில் பெரிய விஷயம் அதன் கூர்கள். கைப்பிடியிலிருந்து நான்கு கருங்காலிக் கூர்கள் வெளிர்நிற மேப்பிள் மரத்துக்குள் தீக்கொழுந்து போல ஏறியிருக்கும். நான்கின் நுனியும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். கோல் சேர்ப்பவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். கடைசல் இயந்திரத்தில் கடைசியாக ஒரு மெல்லிய சுற்றுச் சீவும்போது கோல் மயிரிழை நகர்ந்திருந்தாலும் ஒரு கூர் குட்டையாகிவிடும். அதற்காகவே நான்கு பக்கமும் எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, ஒரே படமாகப் போடுவது அந்தக் குழுவில் வழக்கம்.

மாமாவுக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. பெட்டியில் வைத்து அனுப்பும் முன் ஸ்டூடியோவுக்கு வந்து, அப்பாவின் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார். அதுதான் அவருடைய கடைசிச் சோதனை.

"நான் செஞ்சது என் கண்ணுக்கு எப்பவும் அழகாத்தான் தெரியும்," என்பார். "மாப்ளேயோட கேமராவுக்கு நான் சொந்தக்காரன் இல்ல பாரு. அது உள்ளதைச் சொல்லிடும்."

ஒருமுறை ஒரு படத்தில், கோலைச் சுற்றிப் பதித்திருந்த வளையம் ஒன்றின் ஓரத்தில் பசை கசிந்திருந்ததைக் கண்டுபிடித்து, அந்தக் கோலை அப்படியே திரும்பத் தூக்கிக்கொண்டு போனார். அன்றைக்கு மாமாவுக்கு ஏக சந்தோஷம்.

ஆர்லன் என்று ஒருவர் அந்தக் குழுவில் இருந்தார். அயோவாக்காரர், வயதானவர். அதிகம் எழுதமாட்டார். அவர் நல்லது என்று சொன்ன கோலைச் செய்தவனுக்கு அதற்குப் பிறகு ஓய்வு கிடைக்காது. அவரே மாமாவிடம் ஒரு கோல் செய்யச் சொன்னபோது மாமா பில்லியர்ட்ஸ் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் பீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அத்தையிடம் திட்டு வாங்கினார். மழைக்காலம் முழுவதும் அந்த ஒரு கோலோடு கிடந்தார். அது ஆர்லனுக்குப் பிடித்துவிட்டால் மாமாவின் பெயர் நின்றுவிடும். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். அப்பாவுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

படம் எடுத்த அன்று அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து நான் ஆங்கில வரிகளை அடித்துக்கொண்டிருந்தேன். அப்பா நான்கு படங்களையும் ஒட்டி முடித்தவர், நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். திரும்ப முன்னால் வந்து படத்தைப் பெரிதாக்கினார். பிறகு எனக்குக் காபி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். "எனக்கு வேணும், போய்ப் போட்டு எடுத்துட்டு வா," என்றார். நான் வந்தபோது படம் தயாராக இருந்தது.

சாயங்காலம் மாமா வந்தார். குளித்து, தலைவாரி, பூசைக்கு வருகிற மாதிரி வந்தார். திரையில் மூக்கு படுகிற மாதிரி குனிந்து ஒவ்வொரு கூராகப் பார்த்தார்.

"என்ன மாப்ளே சொல்ற?"

"அழகா இருக்கு மச்சான்."

"உன் கண்ணுல எதாவது பட்டுச்சா? பட்டா சொல்லிடு. இது ஆர்லனுக்குப் போறது."

"ஒண்ணும் படல." அப்பா விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். வெட்கப்படுகிறார் என்று நினைத்து மாமா அவர் முதுகில் தட்டினார்.

கோல் போய்ச் சேர்ந்தது. ஒரு வாரம் ஆர்லன் எதுவும் எழுதவில்லை. பிறகு ஒரு காலையில் குழுவில் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. ஒன்று அப்பா எடுத்தது. இன்னொன்று அவர் வீட்டு ஜன்னலோரத்தில் எடுத்தது. அப்பாவின் படத்தில் நான்கு கூர்களும் ஒரே வரிசையில் நின்றன. ஆர்லனின் படத்தில் மூன்றாவது கூர் அரை அரிசி அளவு குட்டையாக இருந்தது.

"படிச்சுச் சொல்லு," என்றார் அப்பா. அவருக்குப் படிக்கத் தெரியும். ஆனாலும் படிக்கச் சொன்னார்.

நான் படித்தேன். கோல் நன்றாக அடிக்கிறது என்று எழுதியிருந்தார் ஆர்லன். ஒரு கூர் குட்டையாக இருப்பதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை, கையால் செய்தால் அப்படி ஆகும், முன்பே சொல்லியிருந்தால் அப்படியே வாங்கியிருப்பேன். ஆனால் எனக்குக் காட்டியது கோலின் படம் இல்லை, யாரோ வரைந்த படம். இதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லாவிட்டாலும் மற்றவர்களுக்கு நிறைய இருந்தது. இதற்கு முன் இவரிடம் வாங்கிய கோல்களை எல்லோரும் எடுத்துப் பாருங்கள் என்றார் ஒருவர். யூமுல் திருடன் என்றார் இன்னொருவர். மணிலாக்காரர் ஒருவர், நாட்டுக்கே தலைகுனிவு என்று எழுதியிருந்தார். நான் அதோடு நிறுத்திக்கொண்டேன்.

"இன்னும் இருக்குல்ல?" என்றார் அப்பா.

"இருக்குப்பா."

"போதும்."

அன்று மத்தியானமே மாமா வந்துவிட்டார். அம்மா பான்சித் கிளறிக்கொண்டிருந்தாள். மாமா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"மாப்ளே, அந்த ஆளு ஊர்ல இப்ப பனி கொட்டுது. குளிர்ல மரம் சுருங்கிடுச்சு. அதான் விஷயம்."

"மூணு கூர் சுருங்காம ஒண்ணு மட்டும் சுருங்குமா அண்ணே?" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

"உனக்கென்ன தெரியும், நீ நூடுல்ஸப் பாரு. இல்லன்னா அந்தக் கிழவனே படத்துல எதையோ பண்ணியிருக்கான். நான் பதில் போட்டுட்டேன், டீச்சரம்மா. என் இங்கிலீஷ்லயே போட்டுட்டேன். என் கோலை அனுப்புறதுக்கு முன்னாடி நானே படத்துல பாத்தேன், அந்தப் படத்தை எடுத்தவர் என் தங்கச்சி புருஷன், அவர் கேமரா பொய் சொன்னதே இல்லன்னு போட்டிருக்கேன். பிள்ளைங்க மேல சத்தியம்னும் போட்டிருக்கேன்."

நான் அப்பாவைப் பார்க்கவில்லை.

"அந்த முதல் படத்தை எடு மாப்ளே. கேமராவுல இருந்து வந்தபடியே இருக்கும்ல, தேதியோட? அதைப் போட்டா வாயடைச்சுப் போவானுங்க."

"கரண்ட் வரட்டும் மச்சான்," என்றார் அப்பா.

மாமா தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்தார். அது சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள்.

"என்னங்க, தலைக்கு மேல ஃபேன் ஓடுது. கரண்ட் இல்லங்கறீங்க?"

அப்பாவின் காது மடல்கள் சிவந்திருந்தன. அவர் எழுந்து கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து அந்தப் படத்தைத் திறந்தார். கேமராவிலிருந்து வந்த படம். மூன்றாவது கூரைப் பெரிதாக்கினார். திரும்பவும் பெரிதாக்கினார். இனிமேல் பெரிதாக்க முடியாது என்கிற வரைக்கும் பெரிதாக்கிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

மாமா பார்த்தார். குனிந்து பார்த்தார். தன் கட்டைவிரல் நகத்தைத் திரையில் வைத்து அளந்தார்.

"இதை எப்பப் பாத்த?"

"எடுத்த அன்னிக்கே."

"கோல் அப்ப எங்க இருந்துச்சு?"

"இங்கதான். மேசை மேல."

"நானும் இங்கதான் இருந்தேன்," என்றார் மாமா. "பக்கத்துல. கேட்டேன்."

"ஆமா மச்சான்."

"சொல்லியிருந்தா எடுத்துட்டுப் போயிருப்பேனே. வேற செஞ்சிருப்பேன். இன்னொரு மழைக்காலம் ஆகியிருக்கும், ஆனா செஞ்சிருப்பேன்."

"நீங்க அவ்வளவு ஆசையா இருந்தீங்க. மனசு கஷ்டப்படுமேன்னு..."

"என்னை என்ன, பட்டம் வாங்க வந்த பொண்ணுன்னு நினைச்சியா? பருவை எடுத்து விட்டுடுவோம், அதுக்குத் தெரியவேண்டாம்னு?"

மாமா கத்தவில்லை, அவர் கத்தியிருந்தால் அம்மா நடுவில் புகுந்திருப்பாள். மாமா திரையைப் பார்த்தபடியே கேட்டார்:

"இதுக்கு முன்னாடி எத்தனை?"

"ரெண்டு மூணுல வார்னிஷ்ல இருந்த தூசு மட்டும். கூர்ல கை வச்சது இதுதான்."

"அதை நான் எப்படி நம்பறது?"

மாமா கிளம்பிவிட்டார். அம்மா தட்டில் போட்ட பான்சித் அப்படியே இருந்தது. வாசல்வரை போய் "அண்ணே, சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள். அவர் ட்ரைசைக்கிளில் ஏறிக்கொண்டு, "பசிக்கல," என்றார். மாமா பசிக்கவில்லை என்று சொல்லி யாரும் கேட்டதில்லை.

சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். நான் எழுதினேன். படத்தைத் தயார்செய்யும்போது ஒரு பிழை நேர்ந்துவிட்டது, அதற்கு வருந்துகிறோம் என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். அப்பா அதைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"நேர்ந்துருச்சுன்னா என்ன அர்த்தம்? மழையா, தானா வந்து விழ? நான்தான் செஞ்சேன்னு போடு. தெரிஞ்சே செஞ்சேன். அவருக்குத் தெரியாது. என் பேரைப் போடு, ஸ்டூடியோ பேர் வேண்டாம்."

அதையே போட்டோம், உண்மைப் படத்தோடு. ஆர்லன் மறுநாள் பதில் எழுதினார்: கோலை வைத்துக்கொள்கிறேன், மிஸ்டர் யூமுலிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். மிஸ்டர் கன்லாஸ் என்று ஒரு ஆள் இருப்பதாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை. மற்றவர்கள் காட்டிக்கொண்டார்கள். அதை அப்பா உட்கார்ந்து தானே படித்தார், கடைசி வரைக்கும்.

ஊருக்கும் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து அப்பா பில்லியர்ட்ஸ் கூடத்துக்குப் போனபோது, மர்சியானோ சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார். எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரர், அப்பாவோடு பள்ளியில் படித்தவர்.

"டெல்ஃபினு, இதைக் கொஞ்சம் குறைச்சு விடேன். என் பொண்டாட்டிக்குத் தெரியவேண்டாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆட்டத்தில் அவர் முறை வந்தபோது, "அந்த ஒன்பதாம் பந்தை அவருக்குக் குழிப்பக்கமா நகர்த்தி வச்சுக் குடுங்கப்பா, அவருக்கு அதான் பழக்கம்," என்றது ஒரு குரல். அப்பா அந்த அடியைத் தவறவிட்டார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அந்தப் பக்கம் போகவில்லை.

ஸ்டூடியோவிலும் அவருக்குக் கை ஓடவில்லை. பாஸ்போர்ட் படத்துக்கு வந்த ஒரு டீச்சரிடம், "மேடம், அந்த மச்சம் இருக்கட்டுமா, எடுத்துரட்டுமா?" என்று கேட்டுவிட்டார். அதற்கு முன் அவர் யாரிடமும் கேட்டதில்லை.

"ஏன், பாக்க அவ்வளவு அசிங்கமாவா இருக்கு?" என்று எழுந்துவிட்டாள் அவள். அது என் பள்ளியிலேயே வேலை செய்கிற டீச்சர். மறுநாள் ஆசிரியர் அறையில் அதை நடித்துக் காட்டினாள். நான் தேர்வுத்தாள் திருத்துகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

மாமா தன் கோல்களைத் தானே படம் எடுக்க ஆரம்பித்தார். பட்டறையில், குழல்விளக்கின் கீழே, போனில், ஃபிளாஷ் போட்டு. குழுவில் அந்தப் படங்கள் வந்தபோது கருங்காலி சாம்பல் நிறமாக இருந்தது. கோலின் நீளத்துக்கும் மாமாவின் வெள்ளைப் பனியன் ஓடியது. ஒரு படத்தில் தொப்புள்கூடத் தெரிந்தது. யாரோ அதை வட்டம் போட்டுக் காட்டியிருந்தார்கள். ஒன்றிரண்டு பேர் நேர்மையான படம் என்று பாராட்டினார்கள். ஆனால் வாங்குவது குறைந்துபோயிற்று. அப்பா ஒவ்வொரு படத்தையும் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

"போய்ச் சொல்லுங்களேன், விளக்க எங்க வைக்கணும்னு," என்றாள் அம்மா.

"எந்த முகத்த வச்சுக்கிட்டுச் சொல்றது?"

"உங்க முகத்தத்தான். டச்சப் பண்ணாம."

அப்பா போகவில்லை. மாமாதான் வந்தார். மாதங்கள் போயிருந்தன. துணியில் சுற்றிய ஒரு கோலைக் கொண்டுவந்து ஸ்டூடியோ மேசையில் வைத்தார். என்னைப் பார்த்து, "டீச்சரம்மா, நீ எதுவும் எழுதவேண்டாம்," என்றார். அப்பாவைப் பார்க்காமல், "படம் எடு. போடறதுக்கு இல்ல. பாத்துச் சொல்றதுக்கு," என்றார்.

அப்பா கொசுவலையைக் கட்டினார். முழங்காலிட்டு எடுத்தார். திரும்பி வந்து இரண்டு பேரும் திரையின் முன் உட்கார்ந்தார்கள். அப்பா நான்கு பக்கங்களையும் ஒட்டி, கூர்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினார். நான்கும் ஒரே உயரத்தில் இருந்தன. அப்பா மேலே போனார், வளையங்களுக்கு, அங்கிருந்து கைப்பிடிக்கு. ஓரிடத்தில் நின்றார்.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். ஊரில் எத்தனையோ முகங்களில் எத்தனையோ குறைகளைப் பார்த்தவர், அவற்றில் ஒன்றைக்கூட வாயால் சொல்லிப் பழகாதவர்.

"இங்க," என்றார். "வெள்ளி வளையத்துக்குக் கீழ. பசை இடைவெளி விட்டிருக்கு."

மாமா குனிந்து பார்த்தார். "ம். வேற?"

"வேற ஒண்ணும்..." என்று ஆரம்பித்த அப்பா நிறுத்திக்கொண்டார். மாமா காத்திருந்தார். அப்பாவின் காது மடல்கள் மறுபடியும் சிவந்தன.

"ரெண்டாவது கூரோட இடது விளிம்பு," என்றார் மெதுவாக. "நேரா இல்ல மச்சான். லேசா வயிறு வச்சிருக்கு. முன்னாடி செஞ்சதுல எல்லாம்கூட அந்தப் பக்கம் அப்படித்தான் இருந்துச்சு."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

மாமா திரையில் அந்த விளிம்பின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். பிறகு கோலை எடுத்துத் துணியில் சுற்றினார். ஏதாவது சொல்வார் என்று அப்பா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். மாமா கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். வாசலில் அம்மா எதிர்ப்பட்டு, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள்.

"பொட்டலம் கட்டிக் குடு," என்றார் மாமா. "பட்டறையில வேல இருக்கு."